மரியாதை அமுக்கு

வரதராஜுலு சமுதாயக் கல்லூரியில் மொத்தம் இரண்டே துறைகள். கீழ்த்தளத்தில் தொழிற்சாலைத் தானியங்கித் துறை, மாடியில் அவசர மருத்துவத் துறை. கீழே இருந்தவர்கள் ஆளே இல்லாமல் வேலையை நடத்துவது எப்படி என்று படித்தார்கள். மாடியில் இருந்தவர்கள் இருக்கிற ஆளைப் போகவிடாமல் பிடித்து வைப்பது எப்படி என்று படித்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஆகாது. மாடிப்படியில் எதிரெதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அப்படியே இருந்திருந்தால் ஊருக்கு நல்லதாகப் போயிருக்கும்.

தாளாளர் வரதராஜுலுவுக்கு ஒரு யோசனை வந்தது.

"கீழ இரும்புல கை செய்யறீங்க. மேல கையால நெஞ்ச அமுக்கி உசுர மீட்கறாங்க. ரெண்டையும் சேத்தா என்ன?" என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்டார். தாளாளரின் யோசனையை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் அந்தக் கல்லூரியில் இல்லை.

தானியங்கித் துறைத் தலைவர் குலோத்துங்கனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கார் கம்பெனியில் வெல்டிங் ரோபோக்களை ஆட்டி வைத்துவிட்டு வந்தவன். கெட்டவன் இல்லை, கெட்டிக்காரன். நெஞ்சை அமுக்கும் இயந்திரம் ஏற்கெனவே சந்தையில் இருக்கிறது என்றும், அது ஒல்லிக் கிழவியையும் பயில்வானையும் ஒரே மாதிரி அமுக்கும் என்றும் அவன் விளக்கினான். அனுபவப்பட்ட கை அப்படி அமுக்காது, ஆளுக்குத் தக்கபடி அமுக்கும். அந்தக் கையிடமிருந்து கற்றுக்கொள்கிற இயந்திரத்தைச் செய்யலாம் என்றான்.

கல்லூரியை நடத்திய அறக்கட்டளையின் ஆம்புலன்ஸ்கள் ராணிப்பேட்டை சுற்றுவட்டாரம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் வேலை பார்த்த அத்தனை பேரும் பெனினாவிடம் படித்தவர்கள். பெனினா பன்னிரண்டு வருடம் ஆம்புலன்ஸில் இருந்து, மணிக்கட்டு தேய்ந்து, பிறகு ஆசிரியையாக வந்தவள். அவர்களுடைய கைகளுக்கு அழுத்தத்தை அளக்கும் உணரி வைத்த உறைகளை அவள்தான் மாட்டிவிட்டாள். வண்டியின் கூரையில் ஒரு மைக்கும் வைத்தார்கள். கேமரா வைத்தால் நோயாளியின் அந்தரங்கம் கெடும் என்று வக்கீல் சொல்லிவிட்டதால் கண் இல்லை, காது மட்டும். ஒரு வருடம் உறைகளும் மைக்கும் எல்லாவற்றையும் பதிவு செய்தன. அதை வைத்துக் குலோத்துங்கனும் மாணவர்களும் மைக் பொருத்திய ஓர் இரும்புக் கையைப் பழக்கினார்கள்.

கை நன்றாகவே வந்தது. பள்ளத்தில் வண்டி குதித்தாலும் அது பிசகாது, அதற்குக் களைப்பு கிடையாது. பெனினா அதைப் பார்த்து நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். தன் மணிக்கட்டு போன மாதிரி இனி யாருக்கும் போக வேண்டாம் என்று நினைத்தாள்.

கை வந்ததும் ஆட்களைக் குறைத்தார்கள். முன்பு பின்பக்கம் இரண்டு பேர் இருப்பார்கள். இப்போது ஒருவர் போதும், கையை மாட்டிப் பூட்டிவிட்டு முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். பின்னால் இடம் காலியானது. அந்த இடத்தில் சொந்தக்காரர்களை ஏற்றினார்கள். ஜனங்களுக்கு ரொம்பத் திருப்தி. பக்கத்திலேயே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு போக முடிகிறதே!

அவசர மருத்துவத் துறையில் நடிப்பும் ஒரு பாடம். பொம்மையைக் கிடத்திவிட்டு, ஒரு மாணவியைச் சொந்தக்காரியாக அழச் சொல்வார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் வேலை செய்யப் பழக வேண்டும். அந்த ஓராண்டுப் படிப்பின் முதல் பருவத்தில் அஞ்சுகம் என்று பக்கத்து ஊரான அம்மூரிலிருந்து ஒரு பெண் சேர்ந்திருந்தாள். அவள் அழுதால் கீழ்த்தளத்துக்காரர்களே பகையை மறந்து மேலே ஓடிவந்து யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். அன்று பொம்மைக்குப் புதுக் கையை மாட்டி, அஞ்சுகத்தை அழச் சொன்னாள் பெனினா.

"ஐயோ மாமா, என்ன விட்டுட்டுப் போறியே! நான் இன்னா பண்ணுவேன்!"

பொம்மையின் நெஞ்சில் ஒரு விளக்கு உண்டு. போதுமான ஆழம் அமுக்கினால் பச்சை, போதாவிட்டால் சிவப்பு. விளக்கு சிவப்பாக எரிந்தது. கையைக் கட்டிய பட்டை தளர்ந்திருக்கிறது என்று நினைத்து, "நிறுத்துடி" என்றாள் பெனினா. அஞ்சுகம் அழுகையை நிறுத்திவிட்டுத் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துச் சிரித்தாள். விளக்கு பச்சையானது. மறுபடி அழச் சொன்னாள். சிவப்பு.

"மேடம், அதுக்கு அஞ்சுகத்தப் பாத்தாப் பாவமா இருக்குதாம்" என்றது பின் வரிசை. வகுப்பே சிரித்தது.

பெனினா சிரிக்கவில்லை. பொம்மைக்கும் இரும்புக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்தாள். அஞ்சுகத்தைப் பார்த்து அழு என்று சாடை காட்டினாள். இரும்பு மெத்தென்று அவள் கைமேல் இறங்கி ஏறியது. இந்த அமுக்கு அவளுக்குத் தெரியும். இது அவளுடையது. வகுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கினாள்.

"சார், உங்க கை அழுகைச் சத்தம் கேட்டா மெதுவா அமுக்குது."

குலோத்துங்கன் கணினியில் பதிவுகளைத் தேடிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"எங்க கை இல்ல மேடம், உங்க கைதான். நாங்க ஒண்ணுமே சொல்லிக்குடுக்கல. உறையிலயும் மைக்குலயும் வந்தத அப்படியே குடுத்தோம். பின்னாடி யாராவது அழுதா உங்க ஆளுங்க எல்லாருமே மெதுவாத்தான் அமுக்கியிருக்காங்க. ஒருத்தர் பாக்கியில்ல. ஏன்னு நீங்கதான் சொல்லணும்."

பெனினா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கூப்பிட்டாங்கன்னு வீட்டுக்குப் போவோம் சார். ஆளு போயி நேரம் ஆயிருக்கும், வெறச்சுப் போயிருப்பாரு. ஆனா போயிட்டாருன்னு எங்க வாயால சொல்லக் கூடாது. டாக்டருதான் சொல்லணும். பொண்டாட்டி கால்ல வுழுந்து ஏத்துங்கன்னு கதறும். ஏத்திப்போம். ஆஸ்பத்திரி வர வரைக்கும் அமுக்குவோம். அந்தம்மா எதிர்ல உக்காந்து பாக்கும்போது கையக் கட்டிக்கினு வர முடியுமா? ஆனா செத்தவரு எலும்ப ஒடைக்கவும் மனசு வராது. கொழந்தையத் தட்டற மாதிரி மெதுவா அமுக்குவோம். மரியாதை அமுக்குன்னு சொல்லிப்போம்."

"இது சிலபஸ்ல இருக்குதா?"

"எந்தச் சிலபஸ்லயும் இல்ல. சீனியர் கையப் பாத்து ஜூனியர் கத்துக்கும்."

"சரி மேடம். உயிரோட இருக்கறவங்களுக்கும்தான வீட்டு ஆளுங்க அழுவாங்க?"

"அவங்கள முன்னாடி டிரைவர் பக்கத்துல ஏத்திடுவோம். பின்னாடி எடஞ்சல் இல்லாம வேல நடக்கணுமே. நம்பிக்க இல்லன்னாதான் பின்னாடி உக்கார வுடுவோம். கடைசியா ஒரு தடவ கூட இருந்துட்டுப் போவட்டும்னு."

குலோத்துங்கன் திரையிலிருந்து முகத்தைத் திருப்பினான். "அப்ப, பின்னாடி அழுகை கேட்டா ஆளு ஏற்கெனவே போயாச்சுன்னு கை முடிவு பண்ணிக்குது."

"இப்ப எல்லாரையுமே பின்னாடிதான சார் ஏத்தறோம்."

அவன் வண்டிகளின் சமீபத்திய பதிவுகளைத் திறந்தான், அவள் அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். தோல் தொழிற்சாலை வாசலில் சுருண்டு விழுந்த பீகார்க்காரர் பிழைத்திருந்தார், அவரோடு வர ஆள் இல்லை. பேருந்து நிலையத்தில் நாதியற்றுக் கிடந்த குடிகாரர் பிழைத்திருந்தார். பெண்டாட்டியும் இரண்டு மகள்களும் தங்கச்சியும் சுற்றி உட்கார்ந்து கதறிக்கொண்டு வந்த பள்ளிக்கூட வாத்தியார் செத்துப்போயிருந்தார். எவன் மேல் நாலு பேர் உயிரை வைத்திருந்தார்களோ அவனைத்தான் கை கைவிட்டிருந்தது.

தாளாளரிடம் போனார்கள். அவர் முழுவதையும் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். அவருக்கும் நெஞ்சு பதறத்தான் செய்தது, அதைக் குறை சொல்ல முடியாது.

"மைக்கக் கழட்டிடுங்க" என்றார்.

"கழட்ட முடியாது சார்" என்றான் குலோத்துங்கன். "நோயாளி மொனகறதக் கேட்டுத்தான் அது நிறுத்துது. எலும்பு முறியற சத்தத்தக் கேட்டுத்தான் எடம் மாத்துது. காத எடுத்துட்டா அது வெறும் இரும்பு. மறுபடி மொதல்ல இருந்து பழக்கணும். உறைய மாட்டி ஒரு வருஷம்."

"மாட்டுங்க."

"மாட்டறதுக்குக் கை வேணுமே சார். ஆளுங்களத்தான் அனுப்பிட்டோமே. இனிமே சேக்கற புதுப் பசங்க கைய வெச்சுப் பழக்கினா இதவிட மோசமா வரும்."

பெனினா குறுக்கே வந்தாள். "அதுவரைக்கும் கைய நிறுத்தி வைங்க சார். நான் பத்திரிகைல சொல்றேன். ஜனங்களுக்குத் தெரியட்டும்."

வரதராஜுலு கோபப்படவில்லை. "சொல்லுங்க பெனினாம்மா. நான் தடுக்கல. அப்புறம் ஒருத்தனும் வண்டியக் கூப்பிட மாட்டான். ஷேர் ஆட்டோல அள்ளிப் போட்டுக்கினு போவான். அதுல போறவங்க எத்தினி பேரு சாவாங்க? நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

பன்னிரண்டு வருடம் வண்டியில் இருந்தவளுக்கு அந்தக் கணக்கு தெரியும்.

"கைல கோளாறு இல்ல" என்றார் தாளாளர் மெதுவாக. "அழறதுலதான் கோளாறு. பின்னாடி உக்காந்து பழகின ஜனம் இனிமே முன்னாடி உக்காராது. அழாம வந்தாப் போதும், அவ்வளவுதான? அதச் சொல்லிக்குடுக்க உங்கள வுட்டா யாரு இருக்கா?"

இப்படித்தான் அவசர மருத்துவத் துறை, உறவினர் மேலாண்மைத் துறை ஆனது. நாடித்துடிப்பு, மூச்சுக்குழாய், செத்த உடம்பின் அடையாளங்கள் எல்லாம் கையின் வேலை என்று பாடத்திட்டத்திலிருந்து போயின. அழுகிறவரிடம் என்ன குரலில் பேசுவது, எப்போது தோளைத் தொடுவது என்பவை வந்தன. பாடத்தைப் பெனினாதான் எழுதினாள். 'நீங்க அழுதா அவருக்கு ஆகாது' என்ற வாக்கியம் அவளுடையது. ஒரு தடவை சொல்லியும் கேட்காமல் அழுதால் வண்டியை நிறுத்தி அந்த ஆளை இறக்கிவிட வேண்டும், இரக்கம் பார்க்கக் கூடாது என்று எழுதியதும் அவள்தான். வண்டிகளில் 'எச்சில் துப்பாதீர்' என்பதற்குக் கீழே 'அழாதீர்' என்று எழுதினார்கள். அழுகை கேட்டால் நோயாளியின் மனம் தளர்ந்துவிடும் என்று வெளியில் காரணம் சொன்னார்கள். கைக்கும் காது கேட்கும் என்பது எப்படியோ கசிந்து, ஊர் அதையும் நம்பிக்கொண்டது. நோயாளி கேட்கிறான், வண்டியும் கேட்கிறது, ஆகவே வாயைத் திறக்கக் கூடாது.

பலனும் கிடைத்தது. சொந்தக்காரர்களோடு வந்தவர்களும் பிழைக்கத் தொடங்கினார்கள். இதில்தான் பெனினா மாட்டிக்கொண்டாள். பாடம் பொய்யாக இருந்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருப்பாள். பிழைத்தவர்கள் குடும்பத்தோடு வந்து அவளைக் கும்பிட்டார்கள். ஆண்டு விழாவில் சால்வை போட்டார்கள். சால்வையை வாங்கும்போதெல்லாம் அந்தப் பள்ளிக்கூட வாத்தியாரின் மகள்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அழுததைத் தவிர அவர்கள் வேறு ஒரு பாவமும் செய்யவில்லை. அதை யாரும் அவர்களிடம் சொல்லவுமில்லை.

பெனினாவின் கணவன் சாலமனுக்கு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. பேச்சில் கொஞ்சம் குத்தல் உண்டு.

"இன்னிக்கு சர்ச்சுல ஒரு அடக்கம்" என்றான் ஒருநாள் சாப்பிடும்போது. "பெட்டிய மூடற வரைக்கும் ஒரு சத்தம் இல்ல. ஏன்யான்னு கேட்டா, பழகிப்போச்சுங்கறான். முன்னெல்லாம் சாவு வீட்டுல அழலன்னாக் காரித் துப்புவாங்க. இப்ப அழுதாத் துப்பறாங்க. நல்லாப் பாடம் எடுக்கற பெனி."

"ஜனங்க பொழைக்கறாங்க இல்லீங்க?"

"பொழைக்கறாங்கதான். நான் இல்லங்கல. ரெண்டு கரண்டி ரசம் ஊத்து."

அவன் அதை விட்டுவிட்டான். அவளால் விட முடியவில்லை. அடுத்த மாதம் குலோத்துங்கனைப் பார்த்து, கையைத் திரும்பப் பழக்குவது எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டாள். அவன் தரையைப் பார்த்தான். இப்போதுதான் நன்றாக வேலை செய்கிறதே, இன்னும் எதற்குச் செலவு என்று தாளாளர் கோப்பை மூடிவிட்டாராம். பக்கத்து மாவட்டங்கள் கையோடு சேர்த்து உறவினர் மேலாண்மைப் பாடத்தையும் வாங்கிக்கொண்டு போகின்றனவாம். கோளாறு இப்போது கையில் இல்லை, பாடத்திட்டத்துக்குள் போய்ப் பத்திரமாக உட்கார்ந்துவிட்டது.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில், ஒரு விடியலில் சாலமன் எழுந்திருக்கவில்லை.

தினமும் அவளுக்கு முன்னால் எழுந்து மோட்டார் போடுகிறவன். அன்று மோட்டார் சத்தம் இல்லாததால்தான் அவள் விழித்தாள். தோளைத் தொட்டாள், சில்லென்றிருந்தது. அவளை அறியாமலே விரல்கள் அவன் தாடைக்குப் போயின. தாடை இறுகியிருந்தது. இறுகிய தாடை என்ன சொல்லும் என்று பன்னிரண்டு வருடம் பார்த்தவள் அவள். ஆனாலும் அவள் போட்ட சத்தத்தில் ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் வண்டியைக் கூப்பிட்டபோது, வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தன் விரல்தான் தப்பாகச் சொல்கிறது, இந்த ஒரு தடவை தப்பாகச் சொல்லட்டும் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

வண்டியிலிருந்து குதித்து இறங்கியது அஞ்சுகம். படிப்பை முடித்து வேலையில் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

"மேடம், சாரா? பயப்படாதீங்க மேடம், நான் பாத்துக்கறேன்."

கையை மாட்டினாள், பூட்டினாள். அந்தப் பூட்டு மருத்துவமனையில்தான் திறக்கும். பெனினா பின்னால் ஏறிக்கொண்டாள். தெரிந்தவர் என்பதால் அஞ்சுகமும் முன்னால் போகாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது.

வண்டிக்குள் அமைதியாக இருந்தது. அமைதியாக இருந்ததால் கை முழு பலத்தோடு அமுக்கியது. நவல்பூர் தாண்டுவதற்குள் சாலமனின் முதல் விலா எலும்பு முறிந்தது. அந்தச் சத்தத்தில் பெனினாவின் மனசில் மிச்சமிருந்த ஆசை அடங்கிவிட்டது. கை கொஞ்சம் இடம் மாறி அடுத்ததை முறித்தது. அவன் உடம்பு தூக்கிப் போட்டு விழுந்தது. வாயோரத்தில் ஏதோ வழிந்தது, அவள் முந்தானையால் துடைத்தாள்.

"அஞ்சுகம், இத நிறுத்து."

"மேடம்?"

"அவரு போயிட்டாருடி. ராத்திரியே போயிட்டாரு. தாடையத் தொட்டுப் பாரு."

அஞ்சுகம் தொடவில்லை. தொட்டாலும் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. "அதெல்லாம் எங்களுக்கு எடுக்கலியே மேடம். டாக்டருதான சொல்லணும்? நீங்க தைரியமா இருங்க. கை நிக்கவே இல்ல, நல்லா அமுக்குது பாருங்க."

இன்னொரு எலும்பு முறிந்தது.

பெனினாவுக்குச் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். முதலில் வறட்டுச் சத்தம்தான் வந்தது, அழுவது எப்படி என்றே மறந்துவிட்ட மாதிரி. பிறகு வந்தது. "என்னங்க! என்னங்க!" என்று நெஞ்சில் அறைந்துகொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.

கை மெதுவானது. அவள் அழ அழ, அது தணிந்து இறங்கியது. அவளும் அவளிடம் படித்த பிள்ளைகளும் எத்தனையோ பேருக்குக் கொடுத்த மரியாதையை அது சாலமனுக்கும் கொடுத்தது. அவன் உடம்பு அதிர்வது நின்றது. பெனினா அழுதுகொண்டே அவன் தலைமுடியைக் கோதிவிட்டாள்.

"மேடம்! அழாதீங்க மேடம்!" அஞ்சுகம் அவள் தோளைத் தொட்டாள். "நீங்க அழுதா அவருக்கு ஆகாது!"

பெனினா நிறுத்தவில்லை.

"அண்ணே, வண்டிய ஓரம் கட்டுங்க!" என்று அஞ்சுகம் டிரைவரைப் பார்த்துக் கத்தினாள். முத்துக்கடையில் வண்டி நின்றது. பெனினா படுக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அஞ்சுகம் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அஞ்சுகத்தின் கண்களிலும் நீர் கொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் ஒரு சத்தம் வரவில்லை. அவ்வளவு நன்றாகப் படித்திருந்தாள்.

"வுடுடி! என்னக் கூட வர வுடுடி!"

"இரக்கம் பாக்கக் கூடாதுன்னு நீங்கதான மேடம் சொல்லிக்குடுத்தீங்க? சார எப்படியாவது காப்பாத்திடறேன் மேடம்" என்று சொல்லி அவளை இறக்கிவிட்டுக் கதவைச் சாத்தினாள். வண்டி புறப்பட்டது.

பெனினா பின்னாலேயே ஓடினாள். உள்ளே இருக்கும் கைக்குக் கேட்க வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தி அழுதுகொண்டே ஓடினாள். பூக்கடைகளிலிருந்து பெண்கள் எழுந்து ஓடிவந்தார்கள். இரண்டு பேர் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஐயோ, வாய மூடும்மா! வண்டி இன்னும் போவல. அதுக்குக் காது கேக்கும்!"

"கேக்கட்டும்க்கா, என்ன வுடுங்க, கேக்கட்டும்!"

"பைத்தியமா உனக்கு? உன் புருஷன நீயே கொன்னுடாத தாயி!"

அவர்களில் வயதான பூக்காரி பெனினாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, ஈரக் கையால் அவள் வாயை இறுக்கிப் பொத்தினாள். பாலாற்றுப் பாலத்தில் ஏறி வண்டி கண்ணுக்கு மறைகிற வரை, அழாதே கண்ணு, அழாதே என்று முதுகைத் தடவிக் கொடுத்தாளே தவிர, கையை எடுக்கவில்லை.